நீங்கள் சொன்ன ரெண்டு ஏக்கர்

வட்டவளை மண்ணுக்குள்ளே கம்பளி இல்லாமல் படுத்திருக்கிற என் அப்பாவுக்கு,

நம் ஒற்றை அறைக் காம்பிராவின் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று மத்தியானம் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினேன். அம்மா உள்ளே ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கிறது. மழை வழக்கம்போல நிற்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. நீங்கள் உட்காருகிற மரப்பெட்டி இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது. அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

நாளைக் காலையில் நுவரெலியாவில் எனக்கு விசாரணை இருக்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நாம் போட்ட மனுக்களில் உங்களுடையதைத் தள்ளிவிட்டார்கள். என்னுடையது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் மேசைக்கு வந்திருக்கிறது. அதுவும் தள்ளுபடியானால் உங்கள் மருமகள் செல்லம்மாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அந்த ஆபீசரை நினைத்துக்கூட அவ்வளவு பயமில்லை. அவர் கேட்கும்போது என் வாய் என்ன சொல்லித் தொலைக்குமோ என்றுதான் பயம்.

கொழும்பு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தடவை வந்தீர்கள். இரண்டாம் நாளே "இது ஊரில்லடா, அடுப்பு" என்று சொல்லி ரயிலேறிவிட்டீர்கள். இன்னும் அடுப்புதான். பத்து மணிக்கே தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. வெயிலில் கிடந்த குடைக்கம்பியைத் தெரியாமல் எடுத்தால் விரல் பொசுங்கிவிடும். மத்தியானத்தில் சட்டையைப் பிழிந்து உதறிப் போட்டுக்கொள்கிறேன். ஒரு விசேஷம் பார்த்தீர்களா? நாள் முழுக்க மழை கொட்டுகிற இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளைக்கும், அவருக்கும் மேலே இருக்கிற கண்டாக்கையாவுக்கும் மட்டும்தான் குடை. நாமெல்லாம் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தோம். மழையே காணாத மாதத்திலும் கொழும்பில் ஆளுக்கொரு குடை வைத்திருக்கிறார்கள். என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

புறக்கோட்டையில் ஒரு சிங்கள முதலாளியின் சாமான் கடை வராந்தாவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியுமே, நீங்கள் பார்த்த அதே தூண் ஓரம்தான். கம்பி முறிந்தது, துணி கிழிந்தது, பிடி கழன்றது என்று வந்துகொண்டே இருக்கும். யாரும் என்னை ஏவுவதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாய் நின்று பேர் கூப்பிடுவதற்குக் காத்திருந்த கால்கள் இவை. இனி எவனும் என் பேரைப் புத்தகம் பார்த்துக் கூப்பிட மாட்டான் என்று வந்த புதிதில் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

இப்போது அதே விஷயம்தான் எனக்கு எதிராய் நிற்கிறது. தோட்டத்தில் இருந்திருந்தால் செக்ரோல் புத்தகத்தில் பேர் இருக்கும். இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரைக்கும் இங்கேதான் இருந்தான் என்று அது சொல்லும். நான் ஒன்பது வருஷமாய்க் கொழும்பில் இருந்ததற்கு எந்தப் புத்தகத்தில் அடையாளம் இருக்கிறது? ரோட்டில் பொலிஸ் ஜீப் மெதுவாய்ப் போனால்கூட விரித்துவைத்த குடைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்கிறேன். களவாய்க் கடல் தாண்டி வந்தவன், கள்ளத்தோணி என்று ஒரு வார்த்தை இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. தோணியையே பார்த்திராத என்னை அப்படிச் சொன்னால் எந்தத் தோணியைக் காட்டி இல்லை என்பேன்?

உங்கள் விசாரணை நடந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கண்டாக்கையா கொடுத்த பழைய கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கை நீளமாயிருந்ததால் அம்மா மடித்துத் தைத்திருந்தாள். நானும் உங்கள் பக்கத்தில் நின்றேன். இந்தியாவில் உனக்கு என்ன இருக்கிறது என்று ஆபீசர் கேட்டதை மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார். நீங்கள் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

"ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்குங்க. ஓட்டு வீடு. வாசல்லயே கிணறு."

பிறகு ஒரு நாள் அங்கே போவாயா என்று கேட்டார். சொந்த மண் என்றால் போகாமல் இருக்க முடியுமா என்று நீங்கள் மரியாதையாய்ச் சிரித்தீர்கள். ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நானும் பெருமையாய்த் தலையாட்டினேன் அப்பா. மழைக்காலத்தில் இந்த அடுப்பைச் சுற்றி உட்காரவைத்து அந்தக் கிணற்றைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்தத் தண்ணீரின் ருசிகூடத் தெரியும் போலிருந்தது.

இங்கே நிரந்தரமாய் இருக்கிற எண்ணம் இல்லை என்று எழுதி உங்கள் மனுவைத் தள்ளிக் காகிதம் வந்தது. தோட்டத்து வாத்தியார் அதை வாசித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அம்மா எந்த ரெண்டு ஏக்கர் என்று உங்களைக் கேட்டாள். ஆறு வயதில் உங்கள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர் நீங்கள். துறையூர்ப் பக்கத்து அந்த ஊரில் உங்களுக்கு ஞாபகம் இருந்தது ஒரு கழுதை மட்டும்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீங்கள் அம்மாவைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"அவ்வளவு பெரிய மனுசன் முன்னால, ஒண்ணுமில்லாத ஆளுன்னு எப்படிம்மா சொல்றது?"

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் உங்களோடு சரியாய்ப் பேசவில்லை. அது இப்போது நெஞ்சை அறுக்கிறது. ஏன் தெரியுமா?

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னுடைய முதல் விசாரணை. ஆபீசர் சின்ன வயது ஆள், கெட்டவர் இல்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே என்ன தொழில் என்று கேட்டார். குடை ரிப்பேர், வராந்தாவில் உட்காருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கொழும்புல சொந்தக் கடைங்க" என்று வந்துவிட்டது. யாரோ பேசுகிற மாதிரிதான் என் காதில் விழுந்தது. கொழும்பிலிருந்து திரும்பி வந்து லயத்து வீடுகள் முழுக்க மகன் கடை வைத்திருக்கிறான் என்று சொன்னீர்களே, அந்தக் கடைதான் என் வாயிலும் வந்தது.

கடைக்கு லைசன்ஸ் உண்டா, வாடகைச் சீட்டு உண்டா என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது, நுவரெலியாக் குளிரில். பிறகு உங்கள் பைலை எடுத்தார். உன் தகப்பனுக்கு ரெண்டு ஏக்கர் இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார், இப்போது அது உனக்குத்தானே என்றார். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறந்துபோன உங்களை, அந்த மடித்துத் தைத்த கோட்டோடு, அந்த மேசை முன்னால் எப்படிப் பொய்யர் ஆக்குவேன்? "அப்பா சொன்னாங்கன்னா இருக்கும்ங்க" என்றேன். இரண்டுக்கும் அத்தாட்சி கொண்டுவா என்று தவணை கொடுத்தார்கள்.

இல்லாத நிலத்தை இல்லை என்று யாரிடம் போய் எழுதி வாங்குவது? உங்கள் ஊர் மணியகாரருக்குக் கடிதம் போட்டேன். உங்கள் பேர், தாத்தா பேர், நீங்கள் கப்பலேறிய காலம் எல்லாம் எழுதி, இவர்கள் பேரில் நிலம் வீடு உண்டா என்று கேட்டேன். பதில் வருகிறவரைக்கும் ஒரு நாளும் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. ஒருவேளை உண்மையாகவே நிலம் இருந்துவிட்டால்? நிலம் இருந்துவிடக்கூடாதே என்று சாமி கும்பிட்டவன் உலகத்தில் நான் ஒருவனாய்த்தான் இருப்பேன்.

பதில் வந்தது. நான்கே வரி. நிலம் இல்லை, வீடு இல்லை. அந்தப் பேரில் ஒரு குடும்பம் இந்த ஊரில் இருந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியிருக்கிறார்.

எனக்கு வேண்டிய காகிதம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதேன். முதலாளி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். அவரிடம் அதுவரைக்கும் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்ததை அன்றைக்குக் கேட்டேன். ஒன்பது வருஷமாய் இவன் என் வராந்தாவில் குடை தைக்கிறான், இவனுக்குக் கடை கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "வராந்தா என்ன கேவலமா?" என்று கேட்டார்.

ஆக, என் சட்டைப்பையில் இப்போது இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று உங்களைப் பொய்யர் என்கிறது. மற்றது என்னை.

புறப்படுவதற்கு முன்னால் கொழும்பு வீட்டில் செல்லம்மா எனக்கு விசாரணை நடத்தினாள். மூத்தவளின் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆபீசர் மாதிரி கேள்வி கேட்டாள். சின்னவள் சிரித்துக்கொண்டு கதவைப் பிடித்து நின்றாள். மூன்று தடவை கேட்டும் "சொந்தமா..." என்றுதான் எனக்கு ஆரம்பிக்க வருகிறது. நான்காம் தடவை அவள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நம்மகிட்ட ஒண்ணும் இல்லைங்கிறதுதான் நமக்கு இருக்கிற சாட்சி. அதையும் மறைச்சிட்டு வந்துடாதீங்க."

மூத்தவள் பள்ளிக்கூடத்தில் சிங்கள எழுத்தும் அழகாய் எழுதுகிறாள் அப்பா. கடலை அவளுக்குக் காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போகிற இடமாய்த்தான் தெரியும். இவர்களைக் கொண்டுபோய் அந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டச் சொல்வேன்? நீங்கள் பார்த்த கழுதைகூட இப்போது இருக்காது.

நேற்று வந்ததும் அம்மா என் பையைத் தடவிப் பார்த்து, ஊர்க் காகிதம் வந்ததாமே, வாசி என்றாள். நிலம் இல்லை என்று வாசித்தேன். அதுதான் தெரியுமே என்றாள். பிறகு, சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, "உங்க அப்பாவ யாருக்காச்சும் ஞாபகம் இருக்காமா?" என்று கேட்டாள்.

"இருக்காம்மா. நல்லாத் தெரியுமாம். நல்ல குடும்பம்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை அப்பா. உங்கள் வாய் எனக்கும் அப்படியே வாய்த்திருக்கிறது. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் உங்கள் கோட்டும் அந்த ரெண்டு ஏக்கரும் எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் புரிந்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. அம்மாவிடம் இவ்வளவு சுலபமாய் வருகிற பொய் நாளைக்கு அந்த மேசை முன்னால் வராது என்று என்ன நிச்சயம்?

காலையில் உங்கள் புதைகுழிக்குப் போனேன். ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, வேலி ஓரம். நாங்கள் நட்ட கல் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டேன். இருபது அடி தள்ளி நீங்கள் வெட்டிய மழைத்தண்ணீர்க் கான் இருக்கிறது. தண்ணீர் அதில் அடங்கி ஓடிக்கொண்டிருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் அப்பா. உங்களுக்கு முன்னால் சொல்கிற மாதிரி நினைத்துக்கொண்டு சொல்கிறேன். என் அப்பாவுக்கு நிலம் கிடையாது, வீடு கிடையாது, கிணறு கிடையாது, எனக்குக் கடை கிடையாது என்று நாக்குக் குழறினாலும் சொல்வேன். ஊர்க் காகிதத்தை அவர்கள் பைலில் வைக்கும்போது, இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்பேன். அங்கே இருந்ததாக யாருக்கும் தெரியாத என் அப்பா வட்டவளையில் நாற்பத்திரண்டு வருஷம் கான் வெட்டினார், இங்கேதான் செத்தார், கல் நட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்பேன். உங்கள் பேரை எழுதி முடிக்கிறவரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். நீங்களும் நாளைக்கு என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். கோட்டு வேண்டாம், கம்பளியோடு வாருங்கள்.

உங்கள் வாயோடு பிறந்த மூத்த மகன்,
குடைக்காரப் பெருமாள்