எமனுக்குத் தெரியாமல்

சென்னை
9.6.2023

மதிப்பிற்குரிய குப்பம்மாள் அம்மாவுக்கு,

வணக்கம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று உங்கள் மகன் வெற்றிவேல் சொன்னதால் எழுதுகிறேன். என் பெயர் ஷாலினி. நாடக நடிகை சின்னசேலம் தனபாக்கியத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்தில் அவர் சந்திரமதியாக வந்து, பாம்பு கடித்துச் செத்த மகனை மடியில் போட்டு அழுதால் கொட்டகையே சேர்ந்து அழுமாம்.

அவருக்கு இருந்த ஒரே மகள் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். கைக்குழந்தையிலேயே உங்களை அவர் விற்றுவிட்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். கேள்விப்பட்டதை எல்லாம் அச்சில் ஏற்ற எனக்கு மனமில்லை. என்ன நடந்தது என்று நீங்களே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஷாலினி

கச்சிராயபாளையம்
20.6.2023

அன்புள்ள ஷாலினி பாப்பாவுக்கு,

இங்கே நான் சுகமில்லை, அங்கே நீயாவது சுகமாக இரு. கிட்னி இரண்டும் ஓய்ந்துவிட்டன. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்புவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. சத்துணவு அமைப்பாளராக இருந்து எழுதிப் பழகின கை, அதனால் எழுத்து மட்டும் இன்னும் கோணவில்லை.

விற்றார்களா என்று கேட்டாய். விற்றதுதான், ஒரு முறம் தவிட்டுக்கு! எனக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளையைக் குப்பையில் புரட்டி, தவிடு வாங்கிக்கொண்டு யாருக்காவது விற்பார்கள். எமன் தேடி வந்தால், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். இந்தப் பக்கத்துக் குப்பன், குப்பம்மாள்களில் பாதிப் பேர் இப்படிப் பேர் வாங்கினவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். என்னை வாங்க யாரும் வரவில்லை. சந்தைக்குச் சாமை விற்க வந்த கல்வராயன்மலைக்காரி வெள்ளச்சிதான் தவிட்டைக் கொடுத்தவள். காத்திருந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூடையில் வைத்து மலைக்குத் தூக்கிப் போய்விட்டாள். எனக்கு அம்மா அவள்தான்.

பெற்ற அம்மா ஒரே ஒரு தடவை மலைக்கு வந்தது. ஓடிப்போய் எதிரில் நின்றேன். என் பக்கம் திரும்பாமல் வெள்ளச்சியிடம், "உங்க பொண்ணு நல்லா கீதாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

அப்புறம் ஒரு வருஷம் கச்சிராயபாளையத்தில் கொட்டகை போட்டு, அரிச்சந்திரா என்று தண்டோரா அடித்தார்கள். வெள்ளச்சியை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். மயான காண்டத்தில் சந்திரமதியாக வேறு எவளோ வந்தாள். மலையிலிருந்து ஒரு பிள்ளை வந்து 'அம்மா' என்று நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று பெற்ற அம்மா எங்கேயோ ஒளிந்துகொண்டது. ஊர் ஊராகப் போய்ச் செத்த பிள்ளைக்கு அழுத மகராசி, உயிரோடு இருந்த பிள்ளைக்கு முகம் காட்டவில்லை. அதை எழுதிக்கொள்.

இப்படிக்கு,
வெள்ளச்சி மகள் குப்பம்மாள்

சென்னை
2.8.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உடம்பு இப்போது தேவலையா? நீங்கள் சொன்னதை வைத்து ஓர் அத்தியாயம் முழுக்க எழுதி முடித்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. போன வாரம் அதைக் கிழித்துப் போட்டேன். காரணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூங்கில்துறைப்பட்டில் பொன்னுரங்கம் என்ற பெரியவரைப் பார்த்தேன். தனபாக்கியத்துக்கு அரிச்சந்திரனாக நடித்தவர். கச்சிராயபாளையம் நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அன்னிக்கி அரிதாரம் பூசிக்கினு தயாரா உக்காந்துக்கினு இருந்துச்சி. மயான காண்டத்துக்கு மட்டும் வரமாட்டேன்னுடுச்சி. 'கொட்டாய் நெறைய ஜனம் கீது, இன்னாம்மா வெளையாடுறியா'ன்னு மொதலாளி கத்தறாரு. 'மத்த ஊருங்கள்ல அழுதேன், இங்க முடியாதுங்க. அதோ அந்த மலைமேல நான் தவுட்டுக்கு வித்த புள்ள கீது. அதுக்குக் கீழ நின்னுக்கினு எம் புள்ள செத்துச்சேன்னு நான் அழுதா, அது யார் வூட்டுப் புள்ளைன்னு எமனுக்குத் தெரிஞ்சிபூடும்'னு கையெடுத்துக் கும்புட்டுச்சி. அன்னிக்கே கம்பெனிய வுட்டு அனுப்பிட்டாங்க."

விற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று பெற்றவள் வாயால் சொல்லக் கூடாதாம். மற்றவர்கள் பிள்ளையைத் திரும்ப வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு அந்தக் கட்டுப்பாட்டை மறந்துவிடுவார்களாம். இவருக்கு உங்களைத் திரும்ப வாங்கவும் அதை மறக்கவும் தைரியம் வரவில்லை. 'உங்க பொண்ணு' என்று அவர் கேட்டது அதனால்தான். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. சின்னசேலத்தில் கூலி வேலை செய்து, தனியாகவே செத்துப்போனார்.

அவர் ஒளிந்துகொள்ளவில்லை அம்மா. உங்களைத்தான் ஒளித்து வைத்திருந்தார்.

இதை எழுதலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் ஒரு வரியும் வராது.

அன்புடன்,
ஷாலினி

கச்சிராயபாளையம்
17.10.2023

அன்புள்ள ஷாலினி பாப்பாவுக்கு,

உன் கடிதம் அப்போதே வந்துவிட்டது. உன்மேல் இருந்த கோபத்தில் பதில் போடவில்லை. இத்தனை வருஷமாக அந்த அம்மாவைத் திட்டுவதுதான் எனக்குத் துணையாக இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டாயே.

பயந்தது அது. ஏங்கினது நான். ஒரு தடவை மடியில் போட்டுக்கொண்டிருந்தால், செத்தாலும் செத்துப் போகிறேன் என்று இருந்திருப்பேன். இதை நினைத்து நினைத்து அழுதேன். அப்புறம் வெற்றிவேல் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தது ஞாபகம் வந்தது. "பொழைக்குமா?" என்று வாய் தவறிக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியைத் துடைப்பத்தால் அடிக்கப் போனேன். நானும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே.

எழுது. எல்லாவற்றையும் எழுது. முன்பக்கத்தில் யாருக்குச் சமர்ப்பணம் என்று போடுவீர்களே, அங்கே வெள்ளச்சி பேரைப் போடு. கூடையில் தூக்கிப் போனவள் அவள்.

அச்சில் வருவதை நான் பார்க்க மாட்டேன். உடம்பு இனி தாங்காது என்று ரத்தம் சுத்தம் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். வெற்றிவேல் என் எதிரில் சிரித்துவிட்டு, கொல்லைப்புறம் போய் அழுகிறான். இதற்குப் பதில் போடாதே, பாப்பா. படிக்க ஆள் இருக்காது.

எமன் இப்போது வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். இனி அவனிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தனபாக்கியம் மகள் குப்பம்மாள்