ஆற்றைப் பற்றிப் பேசாத வீடு

அப்பா,

கனடாவில் ஒரு கலியாணத்துக்குப் போவதற்காக அம்மா நேற்று மேல் தட்டிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். திறந்ததும் நுளம்பு கடிக்காமல் பூசும் மருந்தின் வாசம் அறை முழுக்கப் பரவியது. மூடி இறுகாத போத்தல் ஒன்று உள்ளே கிடந்து கசிந்திருந்தது. அம்மா உடனே பெட்டியை மூடிவிட்டார். "வேறை ஒண்டு வாங்குவம்" என்றார். வெளியே மழை, நல்ல குளிர். ஆனாலும் யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் கிராமர் பள்ளிக்கூடச் சோதனையில் நான் தேறியபோது, என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். லண்டனில் நாங்கள் இருக்கும் சட்டன் பகுதியில் தேறிய மற்றப் பிள்ளைகளுக்குச் சங்கிலியும் கொம்பியூட்டரும் கிடைத்தன. நான் நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றை விரித்து, காம்பியா ஆற்றின் நடுவே இருக்கும் தீவுகளைக் காட்டினேன். அது ஒரு தேசியப் பூங்கா, அங்கே சிம்பன்சிகள் வாழ்கின்றன, மனிதர்கள் கரை இறங்கக் கூடாது, படகிலிருந்துதான் பார்க்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பக்கத்தில் இருந்த உங்கள் அக்கா, என் மாமி, குரங்கு பார்க்க யாராவது பிளேன் ஏறுவார்களா என்று சிரித்தார். நீங்கள் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்தீர்கள். அந்த ஒக்டோபர் விடுமுறைக்கே டிக்கெட் போட்டுவிட்டீர்கள்.

அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மலேரியாவைப் பற்றி இருந்தது. அதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கும் எனக்கும் அது வராமலிருக்கக் குளிசை வாங்கி வந்தீர்கள். ஒவ்வொரு காலையும் தண்ணீருடன் முன்னால் நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். நீங்கள் போடவில்லை.

"எனக்கு வன்னியிலை சின்னனிலையே வந்திட்டுது, குஞ்சு. ஒருக்கா வந்தால் பிறகு வராது."

அது அம்மை இல்லை, திரும்ப வரும் என்றேன். ஊரை விட்டு வந்து இத்தனை வருடமான பிறகு உடம்பில் பழைய எதிர்ப்பு மிஞ்சாது என்று புத்தகத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"உன்ரை புத்தகத்துக்கு எங்கடை நுளம்பைத் தெரியாது" என்றீர்கள். அம்மாவும் சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காம்பியாவில் குண்டும் குழியுமான வீதியில் ஒரு பகல் முழுக்கப் போய், மாலையில் படகேறினோம். ஆறு தேயிலைச் சாயம்போல் இருந்தது. இரண்டு கரையிலும் காடு தண்ணீருக்குள் குனிந்து நின்றது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியபோது, ஒரு தீவின் மரத்தில் தாய்ச் சிம்பன்சி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. பிறகு நீர்யானைகள். முதலில் மூக்குத் துளைகள், அதன் பின் காதுகள், கடைசியாக ஒரு பெரிய பெருமூச்சு. "பார், மாமி நித்திரையாலை எழும்புறா" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் படகு ஆடியது. என் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டீர்கள். உங்கள் கைகளோ முழங்கைக்கு மேல்வரை வெறுமையாக இருந்தன.

நவம்பரில் காய்ச்சல் வந்தது. லண்டனில் அந்த மாதம் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? பனடோல் போட்டுக்கொண்டு பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போனீர்கள். மலேரியாவாக இருக்கலாம் என்று நான் சொன்னபோது, வாசித்து வாசித்து இல்லாத வருத்த வியாதியெல்லாம் கொண்டுவருகிறேன் என்று அம்மா ஏசினார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் நீங்கள் டொக்டரிடம் போய் வந்தீர்கள். காம்பியாவைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவர் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்றீர்கள்.

கண்கள் மஞ்சளாகி, நீங்கள் என்னை உங்கள் அக்காவின் பெயரால் கூப்பிடத் தொடங்கிய அன்றுதான் அம்மா அம்புலன்ஸை அழைத்தார். ஆஸ்பத்திரியில் நான்தான் தாதியிடம் சொன்னேன், ஆபிரிக்கா என்றும், ஆறு என்றும், குளிசை போடவில்லை என்றும். அவர் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தார். பிறகு என் தோளைத் தொட்டு, கெட்டிக்காரப் பிள்ளை என்றார். அதற்குப் பிறகு உங்களுக்கு நினைவு திரும்பவேயில்லை.

செத்தவீட்டில் மாமி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதாலை போன உயிர்."

அம்மா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஆற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே எடுத்த படங்களை அம்மா எங்கே வைத்திருக்கிறார் என்றும் எனக்குத் தெரியாது.

எனக்கு மாமியில் கோபம். அம்மாவில் கோபம். உங்களில்தான் எல்லாரையும்விடக் கூடக் கோபம். என் வாயைத் திறந்து பார்த்த நீங்கள், நான் வாசித்ததை நம்பி அவ்வளவு தூரம் வந்த நீங்கள், அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் நம்பவில்லை? சரியாகச் சொன்னவள் என்ற பெயர் எனக்கு எதற்கு?

ஆனால் அப்பா, இருட்டும் நேரத்தில் படகு திரும்பியபோது வெள்ளைக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே மரத்தில் இறங்கின. மரம் பூத்ததுபோல் இருந்தது. நீங்கள் என் தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்தீர்கள். நான் பார்த்தவற்றில் மிக அழகானது அதுதான். நீங்கள் போன பிறகும் அது அப்படியே அழகாக இருக்கிறது. அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனாலும் அதை விட்டுவிட மனமில்லை. இந்த வீட்டில் நான் அதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், அது உங்களிடம் மட்டும்தான்.