கருமுகில் கணவாயில் சிக்னல் கிடைத்த செய்தி

நாடு செழிக்க, நல்லாட்சி நிலைக்க. ஆம்பல்நாட்டை ஆண்டருளும் வெண்கோதை மாதேவியாரின் திருக்கண்ணுக்கு மட்டும் உரியதாக, அமைச்சன் கோடன்பரிதி கருமுகில் கணவாய்க் கோட்டையிலிருந்து அடிபணிந்து விடுக்கும் ஓலை. எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டுத் தன் கையாலேயே எழுதியது. எழுத்தின் கோணல் பொறுத்தருள்க.

கோட்டை வீரர் நாற்பதின்மருக்கும் புதுக் கைபேசி வாங்கலாமா என்று ஆய்ந்து சொல்லும்படி மாதேவியார் பணித்தருளினார். வணிகன் வந்து ஒரு நாழிகை மூச்சுவிடாமல் அளந்தான். கேமரா எதிர்மலைக் காக்கையின் அலகைக் காட்டும் என்றான். சார்ஜ் இரண்டு நாள் தாங்கும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்றான். சோதித்துப் பார்த்ததில் பாதிக்குமேல் மெய்தான். ஆனால் காக்கையைப் பார்த்து ஆகப்போவது என்ன? கணவாயை எட்டுவது மலைக்கோபுரத்தார் என்னும் கைபேசி நிறுவனத்தாரின் சிக்னல் ஒன்றே. அதைப் பிடிக்குமா என்று கேட்டதற்கு, எந்தச் சிம்மைப் போட்டாலும் எடுக்கும் ஐயா என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தான்.

சென்ற ஆண்டும் இதே சொல்லை இன்னொரு வணிகனிடம் கேட்டு நம்பியவன் இவ்வமைச்சன். அவ்வாண்டு மழையில் மலை சரிந்து, மாதேவியாரின் தமையனார் தளபதி எழினிவேளும் பதினெட்டு வீரரும் மண்ணுக்குள் போனார்கள். அரச ஆணையின்றிக் கோட்டையைவிட்டு இறங்கலாகாது என்பது சட்டம். அந்த ஆணை கேட்டுத் தளபதியார் அழைத்திருப்பார், அமைச்சன் தேர்ந்த கைபேசி சிக்னல் பிடிக்காததால் அழைப்பு அரண்மனையை எட்டவில்லை என்று அவை தீர்த்தது. மாதேவியார் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அமைச்சனின் முத்திரை பறிக்கப்பட்டது. அதுகூடப் பெரிதில்லை. அன்று முதல் எங்கே கைபேசி மணி அடித்தாலும் அவன் உண்ணும் சோற்றை விட்டு எழுந்துவிடுகிறான்.

ஆகவே இம்முறை வாய்ச்சொல்லை நம்பாமல், புதுக் கைபேசி ஒன்றுடன் தானே மலையேறி வந்தான். மலைக்கோபுரத்தாரின் புதுச் சிம் வர ஒரு மாதம் ஆகும் என்றதால், மண்ணிலிருந்து எடுத்துக் கோட்டையில் வைத்திருந்த தளபதியாரின் சிம்மையே போட்டான். நேற்று நண்பகலில் நான்கு கோடும் நிறைந்தன. சிம்மில் ஒரே எண் பதிந்திருந்தது, தங்கை என்ற பெயரில். தகாது என்று தெரிந்தும் தொட்டான். இருமுறை எடுப்பாரில்லை. மூன்றாம் முறை எடுத்து மாதேவியார் அழுதபடி சொன்னது இது: “அண்ணா, அன்னிக்கு மூணு தடவையும் மணி கேட்டுச்சு. உன் மேல இருந்த கோவத்துல நான்தான் எடுக்கல.”

அமைச்சன் துண்டித்துவிட்டான். அழைத்தது தமையனார் அல்லர், இவனே. பழி தன்னுடையதல்ல என்று தெரிந்த கணத்தில் அவன் மகிழ்ந்தான். பிறகு அந்தப் பதினெட்டு வீடுகளும் நினைவுக்கு வர, வெட்கப்பட்டான். இக்கைபேசி கணவாய்க்குப் பொருந்தும். பழையதும் பொருந்தியே இருந்தது என்பதை அவையில் சொல்ல வேண்டியவர் மாதேவியார், அமைச்சன் சொல்லான்.

இதுவரை எழுதியபோது, பின்மலையில் விரிசல் கண்டதாகக் காவலர் வந்து சொன்னார்கள். முத்திரை இருந்தால் அமைச்சனே ஆணையிட்டு வீரரை இறக்கியிருப்பான். ஆணை கேட்டு இதே சிம்மிலிருந்து மூன்று முறை அழைத்தான். மணி போகிறது, எடுப்பாரில்லை. விரைகுதிரையில் இவ்வோலை வருகிறது. அது சேரும்வரை அழைத்துக்கொண்டே இருப்பான். திரையில் அண்ணன் என்றே வரும். அழைப்பது உயிரோடிருக்கும் நாற்பத்தொருவர். எடுத்தருள்க.

முத்திரைக்கு ஈடாக அமைச்சனின் பெருவிரல் மை.