வீராசாமி வீட்டுக் காப்பி

என் பிரியத்துக்குரிய தங்கவேலு அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே! போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் நம் சகோதர சபையின் வாக்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே அத்தனையும் வெள்ளை மொச்சை. வேண்டாம் என்று சொல்லும் புளியங்கொட்டை ஒன்றுகூட இல்லை. டோபி வீராசாமி இப்போது நம் சபையில் முழு அங்கத்தினர். இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நாம் கடைசியாகப் பேசியது உங்களுக்கு மறந்திருக்காது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், எல்லோரும் பார்க்கக் கத்தினேன். "என் கோட்ட வெளுக்கிறவன் என் பக்கத்து நாற்காலியில உக்காரணுமா?" நீங்கள் ரயிலை அனுப்பிவிட்டுப் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "அவரு வெளுத்த கோட்டப் போட்டுக்கிட்டு நீங்க உக்காரலாம், அவரு உக்காரக் கூடாதா தம்பி?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் திரும்பி நடந்தேன். அடுத்த வாரமே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நீங்கள் முன்மொழிந்த அவருடைய மனு அப்படியே நின்றது. ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் கதவு சாத்தியாயிற்று. அதை நான்தான் போடுவேன் என்று வீம்பாக இருந்தேன். செத்துப்போன மனுஷனோடு வாதாடி ஜெயிக்க நினைப்பது எவ்வளவு அற்ப புத்தி பாருங்கள்.

ஆனால் நீங்கள் எழுதிவைத்த விதி குறுக்கே வந்து நின்றதே! வேண்டாம் என்று போட நினைப்பவர் முதலில் அந்த ஆளின் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கொடுப்பதைக் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது முகம் பார்த்துப் பேச வேண்டும். போகாதவர் மொச்சையைத்தான் போடுவதாகச் சத்தியமே செய்திருக்கிறோம். சாதி பார்க்கிறவருக்கு அந்த வீட்டுக் காப்பி ஆகாது. காப்பி ஆகாதவருக்குப் புளியங்கொட்டை கிடையாது. என்ன கில்லாடித்தனம் அண்ணே! இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் எழுதினீர்களா?

பலர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி நான் போனேன். ஆற்றோரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு. கொடி முழுக்க நம் சபைக்காரர்களின் வெள்ளைக் கோட்டுகள்தான் காய்ந்துகொண்டிருந்தன. வீராசாமி என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க கிராணி ஐயா. புளியங்கொட்டைக்குத்தானே வந்திருக்கீங்க? உக்காருங்க, காப்பி போடச் சொல்றேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. காப்பி வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன காரணம்னு எங்கிட்டயே சொல்லுங்க ஐயா. நியாயமா இருந்தா நானே மனுவத் திருப்பி வாங்கிக்கிறேன்."

"சாதிதான்" என்றேன். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் கூசியது.

"அது எனக்கும் தெரியுமே. வேற?"

வேறு என்ன? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. காப்பியைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. ரவாங் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முதலில் தமிழா, இங்கிலீஷா என்று பெரிய தர்க்கம். வழக்கம்போல நான் கத்தினேன். நான் ஓயும்வரை பொறுத்திருந்து, "முடிச்சிட்டீங்களா ஐயா? இப்ப நான் சொல்லலாமா?" என்றார். ஆபீஸில் பெரிய கிராணி என் பேச்சை வெட்டுவார், நான் சின்னவர்கள் பேச்சை வெட்டுவேன். இதற்கு முன் இப்படி என்னிடம் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், அது அப்போது என் காதில் ஏறவில்லை. ஒரு மணி நேரத்துக்கென்று போனவன் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தேன். தர்க்கத்தில் ஜெயித்தது அவர்தான்.

வேறு யாராவது வந்தார்களா என்று கிளம்பும்போது கேட்டேன். "வந்தவங்க பேரச் சொல்றது மரியாதை இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார். அதனால் வாக்கெடுப்பு அன்று, உங்கள் இடத்தில் நின்று மனுவை முன்மொழிந்த எனக்கு, காப்பியைக் குடித்துவிட்டு யாராவது புளியங்கொட்டை போட்டிருப்பார்களோ என்று ஒரே பயம். பெட்டியைக் கவிழ்த்தபோது உருண்டு வந்தது எல்லாம் வெள்ளை! கத்தினேன் அண்ணே, அன்றைக்கு யாரும் என்னை அதட்டவில்லை.

அந்தப் பதற்றத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆளுக்கு ஒரு மொச்சையும் ஒரு புளியங்கொட்டையும் கொடுப்பார்கள் அல்லவா, மிஞ்சிய புளியங்கொட்டையைத் தட்டில் திருப்பிப் போட மறந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புதன்கிழமை கோட்டு வெளுத்து வந்தது. மேலே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"உங்க பையில கெடந்துச்சு. பத்திரமா வச்சுக்குங்க, அடுத்த மனுவுக்கு ஆகும். ஆனா காப்பி குடிச்சிட்டுத்தான் போடணும், அண்ணே" என்றார் வீராசாமி.

ஐயா போய் அண்ணே வந்துவிட்டது. "உள்ள வாங்க தம்பி, காப்பி போடச் சொல்றேன்" என்றேன்.

கத்த மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அது நம்மால் ஆகாது. ஆனால் எதிரில் இருப்பவரை, "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்காமல் இனி வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

பிளாட்பாரத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நடந்தேனே, இப்போது சொல்கிறேன். உட்காரலாம் அண்ணே. என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களிடம் தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உங்கள் சபைத் தம்பி,
கூட்ஸ் ஷெட் கிராணி சின்னையா