மூன்று பசலியாக வளராத சவுக்கு

12 ஜூன் 1970
அத்தைக்கு ஒரு சேலை, நான் வாசலில் நடத்துகிற பால்வாடிப் பிள்ளைகளுக்கு வர்க்கி பிஸ்கட். நான் எழுதிக் கேட்டது இவ்வளவுதான். ஊட்டியில் பூங்கா வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் லீவுக்கு வரும்போது மண்ணெண்ணெய் டின்னில் ஐந்து செடிகளைக் கொண்டுவந்து இறக்குகிறார். ரயில் முழுக்க மடியில் வைத்திருந்தாராம். என்னை ஒருநாள் கும்பகோணம் வரை கூட்டிப்போக நேரமில்லாதவர்!

“ஜூனிபர். குட்டை ரகம். முழங்காலுக்கு மேல வராது, வருஷம் பூரா பச்சையா இருக்கும்” என்றார்.

காய்க்குமா? இல்லை. பூக்குமா? இல்லை. நிழல்? இல்லை. அடுப்புக்காவது ஆகுமா என்றேன். “பாத்துக்கிட்டு இருக்கலாம் செவ்வந்தி” என்கிறார்.

20 ஜூன்
ஊட்டிக்குப் போய்விட்டார். ஒரு தாள் நிறைய உத்தரவு எழுதி வைத்திருக்கிறார். மேடு கட்டி மணலும் உடைத்த செங்கல்லும் போட வேண்டும். மதிய வெயில் படக்கூடாது. பச்சை இல்லாத கட்டை வரைக்கும் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேரில் தண்ணீர் நிற்கக்கூடாது. இந்த ஊரில்! காவிரித் தண்ணீர் அடுப்படி வரை வருகிற ஊரில்!

அதுவும் யார் மண்ணில்? குடிசை எங்களுடையது, தரை பண்ணைக்குச் சொந்தம். என்றைக்குப் போகச் சொன்னாலும் போக வேண்டியதுதான்.

9 ஆகஸ்ட்
ஆடு ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கடித்துத் துப்பிவிட்டது. “ஆட்டுக்கே புடிக்கல, ஒனக்கு எதுக்குடி?” என்கிறார் அத்தை. அவர் பிள்ளை கொண்டுவந்ததென்று சொன்னால் காது கேட்பதில்லை.

24 நவம்பர்
நான்கு நாள் மழை. கூரை ஒழுகுகிறது. நான் வெளியே முட்டி வரை சேற்றில் நின்று இந்தச் செடிகளுக்கு வடிகால் வெட்டுகிறேன். எனக்குப் பைத்தியம்தான்.

27 நவம்பர்
ஒன்று அழுகிவிட்டது. மூன்று மிச்சம்.

18 பிப்ரவரி 1971
இன்று கர்ணம் வந்தார். வந்தார் என்றால், வாய்க்காலுக்கு அக்கரையில் நின்றார். எந்த நிலத்தில் என்ன விளைகிறதென்று அடங்கலில் எழுதுவது அவர் வேலை. எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை.

“ஏ புள்ள, அது என்ன கன்னு?”
“ஜூனிபருங்க.”
“என்னது, சூனியமா?”
“ஜூ-னி-பருங்க!”
“சூனியக்காரியா?”

பின்னால் பால்வாடிப் பிள்ளைகள் சிரிக்கின்றன, உலையில் கஞ்சி பொங்குகிறது. “சவுக்குன்னு எழுதிக்கங்க!” என்று கத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். சனியன் விட்டது.

2 ஜூலை
விவசாயச் சங்கத்து ரெத்தினம் அண்ணன் வந்து சொன்னார்: சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதாம். விவசாயக் கூலிகள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தமாம். அத்தை பேரில் மனு எழுதினேன். ‘காத்தாயி’ என்று எழுதி அதன் பக்கத்தில் ‘மனை’ என்றும் எழுதினேன். அத்தை அந்தத் தாளை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

11 ஜனவரி 1972
பண்ணை ஆட்சேபணை கொடுத்திருக்கிறது. இது குடியிருப்பே இல்லையாம், பண்ணையின் சவுக்குத் தோப்பாம், எங்கள் வீடு தோப்புக் காவல் குடிசையாம். அத்தாட்சிக்கு அடங்கல் நகல்.

சவுக்கு. நான் சொன்ன சொல்.

13 ஜனவரி
யாரிடமும் சொல்லவில்லை. அறுபது வருஷமாகச் சேற்றில் நின்ற பொம்பளையின் மனையை ஒரு நிமிஷக் கோபத்தில் தாரை வார்த்துவிட்டேனா? இன்னொரு தடவை கத்தியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு?

14 ஜனவரி
அத்தையிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றிருந்தேன். “அந்தாளு வாய்க்காலத் தாண்டி வந்து பாத்திருந்தா நீ ஏன்டி கத்தப்போற?” என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உட்கார்ந்து அழுதேன்.

30 ஜனவரி
பண்ணைக் காரியஸ்தர் அமிர்தலிங்கம் ஒரு தாளோடு வந்தார். “தோப்புக் காவலுக்கு இருக்கோம்னு ஒரு கைநாட்டு வைங்க. காலம் பூரா இருந்துக்கலாம். ஒருத்தன் கேக்க மாட்டான்.”

“கையெல்லாம் சாணியா இருக்குங்க” என்றார் அத்தை. அரை மணி நேரம் நின்று பார்த்தார் மனுஷன். அத்தை வறட்டி தட்டுவதை நிறுத்தவேயில்லை.

2 பிப்ரவரி
மூன்றையும் பிடுங்கி வாய்க்காலில் எறியப் போனேன். ரெத்தினம் அண்ணன் மறித்தார். “பண்ணைத் தோப்ப அழிச்சோம்னு கேஸ் போடுவாங்கம்மா. ஆபீசர் வந்து பாக்கணும். அது வரைக்கும் இதுங்க உசுரோட இருக்கணும்.”

அழகுதான். இனிமேல் இந்தச் சனியன்கள் செத்தால் எனக்குத்தான் நஷ்டம்.

6 மே
செடியில் சிவப்புப் பேன். இலை பழுப்பாகிறது. தினமும் விடிந்ததும் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் தெளி என்று அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு நான் ஒரு மைல் நடக்கிறேன். கடைசியில் ‘ஒரு அங்குலமாவது வளர்ந்ததா?’ என்று வேறு ஒரு கேள்வி. வளரவில்லை! இரண்டு வருஷமாகப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒண்ணும் வளரல!

3 டிசம்பர்
மழை. வடிகால். அத்தை தானாகவே மண்வெட்டியோடு வந்து நின்றார். மூன்றும் பிழைத்தன.

14 மார்ச் 1973
தாசில்தார் வந்தார். கர்ணம் வழக்கம்போல அக்கரையில் நின்றுகொண்டார், அமிர்தலிங்கமும் அவரோடு நின்றுகொண்டார். தாசில்தார் மட்டும் பனங்கட்டைப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

அடங்கலைப் புரட்டினார். மூன்று பசலி, அதாவது மூன்று கணக்கு வருஷமாக, அதே வரி: சவுக்கு. “மூணு வருஷச் சவுக்குன்னா கூரைக்கு மேல நிக்கணுமே. தோப்பு எங்க?” என்று அண்ணாந்து பார்த்தார்.

“கீழங்க” என்றேன்.

குனிந்தார். ஸ்கேல் வாங்கி அளந்தார். ஒன்றேகால் அடி. இலையைக் கசக்கி முகர்ந்தார். “இது சவுக்கே இல்லையே. பேர் என்னம்மா?”

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சவுக்கு என்று கத்தியதையும் சொன்னேன். நட்டது யார், எப்போது, தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். இந்த டைரியைக் காட்டினேன். நாலு பக்கம் படித்தார். சூனியம் வருகிற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு வாய்க்காலைப் பார்த்து, “மூணு வருஷமா எங்கருந்து பாத்து எழுதினீங்க?” என்றார்.

9 அக்டோபர்
பட்டா வந்துவிட்டது. மூன்றரை சென்ட். அத்தை அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். தெருவில் யாராவது பார்க்கக் கேட்டால் உறையைப் பிரித்துக் காட்டி, மறுபடி தைக்கிறார்.

ஊட்டிக்கு எழுதினேன்: அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

21 பிப்ரவரி 1974
அடங்கல் எழுத கர்ணம் வந்தார். அக்கரையில் நின்றார்.

“ஏம்மா, அது என்ன செடின்னு சொன்னே?”

அத்தை வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “எங்க மனையில இருக்குதுங்க. வந்து பாத்து எழுதிக்கங்க.”

கர்ணம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். செடி முழங்கால் உயரம்கூட இல்லை. அவரும் குனிந்துதான் பார்த்தார்.