மூன்றாம் நாள் மத்தியானம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சின்னவனும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்கள் ஏழு மாதத்துச் சீமாட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா நடுவில் தலையை நீட்டிப் பேத்தியைக் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறார், உன் காது எனக்குத் தனியாகக் கிடைப்பதே இல்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முடித்ததும் அவரே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார். படித்தால் படிக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

வீடு முழுக்க ஈரத் துணி. ஒரு விடுதிக்கு நாற்பது ஜன்னல் திரை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், வெளிர் பச்சைப் பருத்தி, நனைத்துப் பிழிந்து கூடத்தில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மத்தியான வெயில் அதன் வழியாக உள்ளே வரும்போது நாற்காலி, மெஷின், என் கை எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் பச்சையாகிவிடுகின்றன. மின்விசிறி சுற்றினால் கூடமே மெல்ல மூச்சு விடுகிறது. உன் அப்பா புதுக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே தேடியபடி துணிகளுக்கு நடுவே காணாமல் போகிறார், இருமல் சத்தத்தை வைத்துத்தான் ஆள் எந்த மூலையில் என்று கண்டுபிடிக்கிறேன். சின்னவன் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறான், அவனுக்கு முன்னால் ரொட்டி வாசனை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சில நாள் நான் மெஷினில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுகிறேன், கால் மட்டும் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறது, விழித்ததும் கீழே குனிந்து உன்னைத் தேடுகிறேன். ஏன் தேடுகிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து குழந்தையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தப் போவதாகச் சொன்னாய். நீ வேலைக்குத் திரும்ப மூன்று வாரம்தான் இருக்கிறது, அவளோ உன் தோளை விட்டு இறக்கினால் பகலில் ஒரு பொட்டுக்கூடத் தூங்குவதில்லை. உன் சிநேகிதிகள், புத்தகம், போனில் வரும் வீடியோ எல்லாம் ஒரே குரலில், அழ விடு, மூணு நாள்ல பழகிடும் என்கின்றன. மாப்பிள்ளைக்கு மனசில்லை என்றாய். அவரிடம் நீ, எங்கம்மா என்னையே அப்படித்தான் பழக்கினாங்க, மூணே நாள், எனக்கு இப்ப என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

அந்தக் கதை நம் வீட்டில் எவ்வளவு பிரசித்தம் என்று உனக்கே தெரியும். நாலு பேர் கூடினால் போதும், உன் அப்பா மூன்று விரலை நீட்டி, மூணே நாள், இவ அப்படி வளர்த்தா என்று ஆரம்பித்துவிடுவார். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு அப்போது எட்டு மாதம், எனக்கு இருபத்துமூன்று வயது. தையல் அப்போதுதான் கொஞ்சம் பிடித்து வந்தது, நீ மடியை விட்டு இறங்கவில்லை. மாடி வீட்டு நர்ஸம்மா, எதிர் வீட்டு டீச்சர், ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகம், ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள். பத்து பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, மத்தியானம் இரண்டு மணிக்கு உன்னை உள்ளறையில் கிடத்திக் கதவைச் சாத்தி, வெளியே கத்தரிக்கோலும் கையுமாக நின்றேன், வெட்டுவதற்கு ஒரு துணியும் இல்லை. முதல் நாள் நாற்பது நிமிஷம் அழுதாய். இரண்டாம் நாள் இருபத்தைந்து. மூன்றாம் நாள் சத்தமே இல்லை. நர்ஸம்மா என் முதுகில் தட்டி, பாத்தியா, நான் சொல்லல என்றாள். அவள் மாடி ஏறிப் போனதும் மெதுவாகக் கதவைத் திறந்தேன். நீ தூங்கவில்லை. கண்ணை நன்றாக விழித்துக்கொண்டு, சத்தம் போடாமல் படுத்திருந்தாய்.

அதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் உன்னைத் தூக்கிவந்து மெஷின் பக்கத்தில், தொங்கும் துணிக்கு அடியில் போட்டேன், துணியின் ஓரம் உன் முகத்துக்கு மேலே ஆடி ஆடி நின்றது, மெஷின் சத்தத்தில் நீ கிறங்கிப் போய்த் தூங்கினாய். அப்புறம் ஒன்றரை வருஷம் உன் பகல் தூக்கம் அங்கேதான். அப்பா மாலையில் வருகிறவர், அவர் கண்ட வரைக்கும் மூணே நாள்.

அப்படியானால் தூக்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா என்று உடனே சண்டைக்கு வராதே. பட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற மிதப்பில் சின்னவனைப் பிறந்ததிலிருந்து கீழே விடாமல் ஐந்து மாதம் சுமந்தேன். அவன் நெளிந்து நெளிந்து அழுதான், நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் வெட்டுத்துண்டுக் குவியலில் அவனைக் கிடத்தினால், ஒரு கொட்டாவி விட்டு, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்குகிறான். பயலுக்கு வேண்டியிருந்ததெல்லாம் என்னிடமிருந்து விடுதலை!

துணியிலும் எனக்கு இதே கதைதான். மில்லிலேயே நனைச்சுத்தான் வருது, நீங்க நனைக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பித் தைத்த திரை முதல் சலவையிலேயே சுருங்கி முழங்காலுக்கு ஏறிவிட்டது. அந்த ரோஷத்தில் அடுத்து வந்த பளபளப்புத் துணியைத் தொட்டியில் முக்கினேன், பளபளப்பு முழுக்கத் தண்ணீரோடு போயிற்று. இப்போது யார் சொன்னாலும் சரி, என் முப்பது வருஷமே சொன்னாலும் சரி, வருகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் வெட்டி நனைத்து, காய்ந்ததும் அளந்து பார்க்கிறேன். இது புரிய எனக்கு ஐம்பத்துநாலு வயசாக வேண்டியிருந்தது, நீ சிரிக்காதே.

திங்கட்கிழமை கதவைச் சாத்து என்றும் சாத்தாதே என்றும் நான் சொல்லப்போவதில்லை. உன் சிநேகிதியின் பிள்ளை நிஜமாகவே தூங்கியிருக்கலாம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள், உனக்கு இன்னொரு மரத்தைக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. என்னைச் சாட்சிக்கு இழுக்காதே, அவ்வளவுதான். சாத்தினாலும் சத்தம் நின்றதும் உள்ளே போய் அவள் முகத்தைப் பார். நான் அந்த மூன்று நாளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, பாவம், நல்ல மனுஷன். நின்றுகொண்டே சாப்பிடாதே. குழந்தையை எப்போதும் இடது தோளிலேயே போடாமல் மாற்றிப் போடு. அவள் அறை ஜன்னலைத் திரைக் கம்பியிலிருந்து தரை வரை மூன்று இடத்தில் அளந்து அனுப்பு, மறந்துவிடாதே, இந்தப் பச்சையில் மிச்சம் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடும் நிறைந்த தூக்கத்தோடும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பி.கு.: போட்டோ எடுக்கக் கொடுத்தேன், உன் அப்பா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, ஈரத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், முழிச்சுக்கிட்டு அவ எதைப் பாத்துட்டு இருந்தா என்று. கதவைத்தான் என்றேன்.