படிக்கட்டில் ஊற்றிய தண்ணீர்

நீஷ்,
செப்டம்பர் 23, செவ்வாய்

அன்பு மகன் ராடோயேவுக்கு அம்மா எழுதுவது. லின்ஸில் வேலையும் உடம்பும் ஒழுங்காக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். முதுகுவலி எப்படி என்று நீயாகச் சொல்ல மாட்டாய்.

போன வியாழக்கிழமை படிக்கட்டருகே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. உன் மகள் நெவெனா. அவளை ஒத்திகைக்கு அழைத்துப்போக வந்து, காரை விட்டு இறங்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஓக்னென். முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மேல்வீட்டு தெசங்கா. அந்த அடுப்பு என்னுடையது. ஒன்பது வருடமாகத் திருப்பித் தரவில்லை.

ஓக்னென் கிட்டார் வாசிக்கிறான், பாட்டுக் குழுவும் அவனுடையது. நெவெனா நீ விட்டுப்போன பேஸ் கிட்டாரைத்தான் வாசிக்கிறாள். "கதவத் தட்டற மாதிரி இருக்கு. ஒரு கோரஸ் பெடல் வாங்கிட்டு வா, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். ஒருவர் வாசிப்பதைப் பலர் வாசிப்பதுபோல் ஆக்கும் சின்னப் பெட்டியாம் அது. வியாழக்கிழமை அவளுக்குச் சோதனை.

அதற்கு முந்தைய ஞாயிறு நாங்கள் சந்தைக்குப் போனோம். நீ கிட்டார் கம்பி வாங்கிய அதே கடைக்காரன் மிலோயேதான். மேசைமேல் பளபளவென்று ஒரு நீலப் பெட்டி, விலையும் குறைவு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். போட்டுக் காட்டினான். சத்தம் அழகாக மினுங்கியது. ஆனால் ஸ்பீக்கரில் கை வைத்தால் ஒன்றும் அதிரவில்லை. "அக்கா, இது கிட்டாருக்குச் செஞ்சது. பேஸ்ல போட்டா மேல மினுக்கும், அடிச்சத்தம் காணாமப் போயிடும்" என்றான். மேசைக்கு அடியிலிருந்து நசுங்கிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை எடுத்தான். அதில் ஒரு திருகு கூடுதல். அதைக் கொஞ்சம் குறைத்துவைத்தால் அலை மேலே ஆடுகிறது, கீழே கனமான சத்தம் அசையாமல் நிற்கிறது. நெவெனா ஒரு கம்பியைத்தான் மீட்டினாள், மூன்று பேர் சேர்ந்து மீட்டியது போல வந்தது. மிலோயேவின் காப்பிக் கோப்பை நடுங்கியது. சாயம் போன பெட்டிக்கு அதிக விலையா என்று கேட்டேன். "பாட்டி, நீ ஜாடியப் பாத்தா ஊறுகாய் வாங்குவே?" என்றாள். ராடோயே மகள் என்று நீலப் பெட்டியின் விலைக்கே கொடுத்தான் மிலோயே.

இனி வியாழக்கிழமை. நீ பரீட்சைக்குப் போனபோதெல்லாம், லின்ஸுக்குப் பஸ் ஏறியபோதும், காரியம் தண்ணீராக ஓடட்டும் என்று உன் பின்னால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். இவளுக்கு ஒரு கோப்பை போதாது என்று கூஜா நிறைய எடுத்தேன். நான் வீசவும், அவள் ஷூ கயிற்றைக் கட்டக் குனியவும் சரியாக இருந்தது. முதுகில் இருந்த பையின் ஜிப் போன மாதமே அறுந்துவிட்டது. பாதித் தண்ணீர் படியில் விழுந்தது, பாதி அவளுக்குத் தெரியாமல் பெடல் இருந்த பைக்குள் போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஆகாது என்று சின்ன வயதிலிருந்து நான்தான் சொல்லி வளர்த்தேன். போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்துவதும் ஆகாதே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஓக்னென் இன்னொரு முறை ஹாரன் அடித்தான். ஓடிவிட்டாள்.

அங்கே இரண்டாவது பாட்டில் பெடல் கரகரத்து நின்றுவிட்டதாம். "அப்பாவோட கிட்டார் இருக்கு, அப்பாவோட காதுதான் இல்ல" என்றானாம் அவன். கடைசியாக ஒரு வாய்ப்பு, வருகிற சனிக்கிழமை.

இந்த ஞாயிறு மிலோயேவிடம் போனோம். அவன் பெட்டியைத் திறந்து பார்த்து, "உள்ள தண்ணி போயிருக்கும்மா" என்றான். "மழையே பெய்யல, தண்ணி எங்கிருந்து வரும்? ஓட்டைய வித்துட்டுக் கதை சொல்றியா, திருடா!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் உன் மகள். அவன் என்னைப் பார்த்தான். ராடோயே, நான் "ஆமா, மழையே இல்ல" என்றேன். அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

நேற்று தெசங்காவிடம் சொல்லியனுப்பியிருக்கிறான்: "காஞ்சிடுச்சு, நல்லாப் பாடுது. பொண்ண வந்து எடுத்துக்கச் சொல்லு." தெசங்கா அதோடு நிறுத்தவில்லை. "தண்ணி யார் ஊத்தினதுன்னு நீ சொல்றியா அக்கா, நான் சொல்லட்டுமா?" என்றாள். நெவெனாவோ அந்தத் திருடன் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நானே சொல்லலாம் என்பாய். நீ ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், ஆகஸ்டில் வருகிறேன் என்றாய். ஆகஸ்ட் முடிந்த அன்று அவள் என்னிடம், "இந்தக் குடும்பத்துல பொய் சொல்லாத ஆள் நீ ஒருத்திதான் பாட்டி" என்றாள். மூன்று நாளாக வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

லின்ஸ் பஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை உன் கைக்கு வந்துவிடும். உடனே அவளைப் போனில் கூப்பிட்டு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. சனிக்கிழமைக்கு முன்னால் அவள் மிலோயேவிடம் போக வேண்டும். முடிந்தால் நீயும் வா. கடவுள் உன் முதுகையும் அவள் விரல்களையும் காக்கட்டும்.

உன் அம்மா

மேலே, படிக்கட்டருகே இருந்தவர்களில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். ஓக்னென்னின் ஹாரனை மன்னித்துவிட்டேன். அடுப்பைத் தெசங்காவே வைத்துக்கொள்ளட்டும். கூஜாவோடு படியில் நின்றாளே, சந்தையில் "மழையே இல்ல" என்றாளே, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் ஸ்டாமெனா.